வீடு தேடுபவர் எதற்காக முதலில் பெயர் பதிய வேண்டும்?

வீடு, மனை விளம்பரங்களைத் திரட்டித் தரும் இணையதளங்களில் ஒரு பகுதி, தேடி வருபவர் தம் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்து, அந்த எண்ணுக்கு வரும் ஓடிபி என்னும் ஒருமுறைக் கடவு எண்ணை உள்ளிட்ட பிறகே பட்டியலை முழுமையாகக் காட்டுகின்றன. வாடகை எவ்வளவு, மனை எந்தத் தெருவில் இருக்கிறது, படத்தில் வீடு எப்படித் தெரிகிறது என்ற மூன்று சாதாரணக் கேள்விகளுக்கு விடை கிடைப்பதற்கு முன்பே, கேட்பவர் தாம் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும் என்ற இந்த ஏற்பாடு நியாயமானதா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள். கர்நாடகத்திலுள்ள கோலார் தங்க வயலை முன்னிறுத்தி இதை ஆராய்வதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. தங்கள் அடையாளத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதை எதிர்த்து ஒரு காலத்தில் சுரங்க வேலையையே நிறுத்தியவர்களின் ஊர் அது. பெயரில் பத்திரம் இல்லாத வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் ஊர் அது. இன்று பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கைபேசியில் வாடகை வீடு தேடும் குடும்பங்களின் ஊரும் அதுவே.

கைரேகை கேட்ட காலம்

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880இல் இங்கே சுரங்கத் தொழிலில் இறங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வந்தவர்களில் மிகப் பலர் சொந்த ஊரில் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழர்கள். அவர்களுக்காக நிறுவனம் வரிசை வரிசையாகக் கட்டிய சிறு குடியிருப்புகளே இன்றும் 'லைன்' என்று அழைக்கப்படுகின்றன. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் வீடும் போகும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படையாக இருந்ததால், வீடு என்பது அங்கே உடைமையாக இல்லாமல் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இந்தச் சூழலில்தான், 1930இல், சுரங்க நிர்வாகங்கள் தொழிலாளர்களின் கைரேகைகளை எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்ற நூல், மைசூர் சமஸ்தானத்துத் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டங்களையும் பேசுகையில் இந்த வேலைநிறுத்தத்துக்கும் இடம் தருகிறது. படிப்பறிவு மறுக்கப்பட்டிருந்த அந்த மக்கள் பதிவேட்டின் இயல்பைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரைப் பற்றிய பதிவேடு, அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பயன்படும். பதியப்பட்டவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது, அது எங்கெங்கே போகிறது என்பதும் தெரியாது. வயிற்றுப் பிழைப்பைப் பணயம் வைத்த அந்தப் போராட்டத்தையும் கைபேசித் திரையில் எண்ணை உள்ளிடுவதையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது என்றாலும், பதிவேடு யார் கையில், யாருக்காக என்று அன்று எழுந்த கேள்வி இன்றைக்கும் பொருந்தும்.

பலகையும் திரையும்

தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ வாடகைக்கு விடப்படும் வீட்டின் வாசலில் தொங்கும் டு-லெட் பலகையை எண்ணிப் பார்த்தால், இணையம் எதைத் தலைகீழாக மாற்றியது என்பது விளங்கும். பலகையில் இருப்பது வீட்டுக்காரரின் எண். தெருவில் போகிறவர் அதைப் படிக்கலாம், வீட்டை வெளியிலிருந்து நோட்டம் விடலாம், தண்ணீர் எப்படி வருகிறது என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம், பிடிக்காவிட்டால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடலாம். செய்தித்தாளின் வரி விளம்பரமும் அப்படித்தான்: விளம்பரம் கொடுப்பவர் தம்மை வெளிப்படுத்திக்கொள்கிறார், படிப்பவர் அறியப்படாதவராகவே இருக்கிறார். விற்க வந்தவர்தான் முதலில் முகம் காட்ட வேண்டும் என்பது சந்தையின் பழைய ஒழுங்கு.

பதிவைக் கட்டாயமாக்கும் தளத்தில் இந்த ஒழுங்கு மாறுகிறது. இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீடு என்று தேடினால் முதல் இரண்டு மூன்று படங்கள் தெளிவாகத் தெரியும்; விரல் அடுத்த வரிக்கு நகர்ந்ததும் படங்கள் மங்க, திரையின் அடியிலிருந்து ஒரு கட்டம் எழுந்து பெயரையும் எண்ணையும் கேட்கும். அதற்குக் கீழே, படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டிய அளவு எழுத்தில், தளமும் அதன் கூட்டாளிகளும் தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்ஸப் வழியாகத் தொடர்புகொள்ளச் சம்மதம் என்ற ஒரு வரி, பல வேளைகளில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட நிலையில் இருக்கும். எண் உள்ளே போன நொடியில் அந்த மனிதர், வணிக மொழியில் சொன்னால், ஒரு 'லீட்' ஆகிவிடுகிறார். லீட் என்பது வாங்கக்கூடியவர் என்று கருதப்படும் ஒருவரின் பெயர், தொடர்பு எண், விருப்பம் ஆகியவற்றைக் கொண்ட குறிப்பு. தரகர்களும் கட்டுமான நிறுவனங்களும் பணம் கொடுத்துப் பெறும் சரக்கு அது. ஒரே குறிப்பு ஒரே நேரத்தில் பல தரகர்களுக்குப் போக முடியும் என்பதால், ஒரு வீட்டைப் பார்க்க நினைத்தவருக்குப் பல இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது.

அழைப்பு யாருக்கு வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. தங்க வயலின் மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயிலேறிச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஒருவர், தினசரிப் பயணம் முடியாமல் நகரத்திலேயே வீடு பார்க்கலாமா என்று யோசிக்கத் தொடங்கும்போது, முதலில் அவருக்குத் தேவைப்படுவது வாடகை நிலவரம் மட்டுமே. அந்த நிலவரத்தைத் தெரிந்துகொள்வதற்கு விலையாக அவர் கொடுப்பது தம் எண்ணை. அதன் விளைவாக வரும் அழைப்புகளோ வேலை நேரத்தில் வருகின்றன. அவர் வீடு பார்ப்பதையே கைவிட்ட பிறகும் அவை தொடரலாம்.

வீட்டுமனை வணிகத்தின் விளம்பர அழைப்புகள் எவ்வளவு பரவலானவை என்பதற்குத் தனிச் சான்று தேட வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், வேண்டாத வணிக அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணின் வழியே நடத்தும் விருப்பப் பதிவேட்டில், வங்கி, காப்பீட்டுச் சேவைகளுக்கு அடுத்த இரண்டாவது இனமாக ரியல் எஸ்டேட்டைத் தனியே வைத்திருக்கிறது. அந்தத் தடையைப் போட்டு வைத்தவரும், ஒரு தளத்தில் பதியும்போது 'சம்மதம்' என்ற கட்டத்தை ஏற்றுக்கொண்டால், அந்தச் சம்மதமே தடையை மீறும் வாசலாகிவிடுகிறது.

பார்த்துப் பழகினால்தான் விலை தெரியும்

நகை வாங்குபவருக்கு அன்றைய தங்க விலை எல்லாக் கடைகளிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். மனைக்கு அப்படி ஒரு விலை கிடையாது; இருபது விளம்பரங்களைப் பார்த்து ஒப்பிட்ட பிறகே ஒரு பகுதியின் விலை எது, ஏமாற்று விலை எது என்ற மதிப்பு மனதில் உருவாகிறது. ஆகவே பட்டியலைச் சும்மா பார்ப்பது என்பது, வாங்குபவர் தம்மைத் தயார்படுத்திக்கொள்ளும் முதல் படி. அந்தப் படியிலேயே அவரைத் தரகரின் பேச்சுக்கு ஒப்படைத்துவிட்டால், எதிரில் இருப்பவருக்கு எல்லா விலையும் தெரிந்திருக்க, இவருக்கு ஒன்றும் தெரியாத நிலையில் பேரம் தொடங்குகிறது.

கோலார் தங்க வயலில் இந்தப் பயிற்சி மேலும் அவசியமாகிறது. 1972இல் அமைந்த அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை மூடிய பிறகு, லைன் வீடுகளில் தொடர்ந்து குடியிருந்தவர்களின் உரிமைக் கேள்வி நீண்ட காலம் இழுத்தது. எனவே இந்த ஊரில் ஒரு வீட்டில் குடியிருப்பதும் அதன் உரிமையாளராக இருப்பதும் ஒன்றல்ல என்பதை வாங்குபவர் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை அருகிலுள்ள பேத்தமங்கலம் பக்கமாகச் செல்வதால், அந்தத் திசையில் மனைகளுக்கான விளம்பரங்களும் பெருகியிருக்கின்றன.

கர்நாடகத்தில் மனையைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல் 'சைட்'. விளைநிலத்தை வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற, கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964இன் 95ஆம் பிரிவின்படி பெற வேண்டிய அனுமதி 'கன்வர்ஷன்'. அதைப் பெறாமலே கூறுபோட்டு விற்கப்படுவது 'ரெவின்யூ சைட்'. உள்ளாட்சியின் பதிவேட்டில் வரி கட்ட வேண்டியவர் யார் என்று காட்டும் குறிப்பு 'காத்தா'; அது மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகிவிடாது. மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துக் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை இங்கே 'லீஸ்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் அதுவே போக்கியம் அல்லது ஒத்தி. விளம்பரத்தில் இந்தச் சொற்களில் எது இருக்கிறது, எது இல்லை என்பதே வாங்குபவருக்கு முதல் எச்சரிக்கை. சயனைட் மேடுகள் எனப்படும், தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட கழிவு மண் குன்றுகளிலிருந்து மனை எவ்வளவு தொலைவு என்பதும் அதே அளவு முக்கியம், ஏனெனில் காற்றடிக்கும் காலத்தில் அந்த மண் வீட்டுக்குள் வரும். இவை அனைத்தும் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும்போது, எச்சரிக்கை கிடைப்பதற்கு முன்பே அழைப்பு வந்துவிடுகிறது.

தளங்களின் தரப்பு

தளங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2005இல் தொடங்கிய 99ஏக்கர்ஸ், 2006இல் தொடங்கிய மேஜிக்பிரிக்ஸ், 2012இல் தொடங்கிய ஹவுசிங் ஆகியவை முதலாக, தேடுபவரிடம் கட்டணம் வாங்காமல் விளம்பரம் கொடுப்பவரிடம் வாங்குவதே இந்தத் துறையின் பொதுவான வருவாய் முறை. தேடுபவரின் ஆர்வத்தை அடையாளம் காட்டாமல் விளம்பரதாரரிடம் எப்படிப் பணம் கேட்பது என்ற கேள்வி உண்மையானதே.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. வீட்டுக்காரரின் எண்ணைப் பொதுவில் வைத்தால், வாடகைதாரருக்கு முன்பாகத் தரகர்கள் அழைக்கிறார்கள். தரகர்களை விட மோசமானவர்களும் அழைக்கிறார்கள். ராணுவத்தில் பணிபுரிவதாகச் சொல்லிக்கொண்டு, முன்பணம் அனுப்புவதாக க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்யும் வீட்டுக்காரரின் கணக்கிலிருந்தே பணத்தை எடுக்கும் மோசடி இந்தியா முழுவதும் நடந்திருக்கிறது. தனியாக இருக்கும் ஒரு மூதாட்டி தம் மாடி வீட்டை வாடகைக்கு விட நினைத்தால், அவருடைய எண் முகம் தெரியாத எல்லார் கையிலும் போகாமல் காப்பது தளத்தின் கடமை.

ஆனால் இந்த வாதம் எதைக் காக்கிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அது காப்பது வீட்டுக்காரரின் எண்ணையும் கதவு எண்ணையும். வாடகைத் தொகையையோ, பரப்பளவையோ, தெருவையோ, படத்தையோ காப்பதற்கு அதில் எந்தக் காரணமும் இல்லை. தொடர்புகொள்ளும் கட்டத்தில் பதிவு கேட்பது பாதுகாப்பு. பார்க்கும் கட்டத்திலேயே கேட்பது லீட் திரட்டல். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

சட்டம் யாரைப் பதியச் சொல்கிறது

இந்தப் பாகுபாடு புதிதல்ல. நூறாண்டுக்கும் மேலாக இந்தியச் சட்டத்தில் இருப்பது. பதிவுச் சட்டம் 1908இன் 57ஆம் பிரிவு, அசையாச் சொத்து குறித்த ஆவணங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தை, உரிய கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் எவரும் பார்வையிடலாம் என்கிறது. விண்ணப்பத்தில் பெயர் எழுத வேண்டும் என்றாலும், அந்தச் சொத்தில் தமக்கு உரிமையோ தொடர்போ இருப்பதாக அவர் நிறுவத் தேவையில்லை. அவருடைய பெயர் விற்பவரிடம் போய்ச் சேர்வதும் இல்லை. அதே சட்டம் உயில்கள் முதலியவற்றுக்கான புத்தகங்களை அப்படித் திறந்துவிடவில்லை. சொத்து பற்றிய செய்தி பொதுவானது, மனிதர் பற்றிய செய்தி காக்கப்பட வேண்டியது என்ற பகுப்பு அந்தச் சட்டத்திலேயே அமைந்திருக்கிறது.

ரேரா என்று அழைக்கப்படும் 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இதை மேலும் தெளிவாக்கியது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுடனோ அமையும் திட்டத்தை விற்பவர் ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். அத்தகைய திட்டங்களை விற்றுத் தரும் முகவரும் 9ஆம் பிரிவின்படி பதிந்தாக வேண்டும். 34ஆம் பிரிவின்படி, பதியப்பட்ட திட்டங்களின் விவரங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஆணையம் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும். வாங்குபவர் தம்மைப் பதிய வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஏமாற்றும் வாய்ப்பு யாரிடம் இருக்கிறதோ அவரைப் பதியச் சொல்வதே சட்டத்தின் நோக்கம் என்பதால், தேடுபவரைப் பதியச் சொல்லும் தளம் அந்த நோக்கத்துக்கு எதிர்த் திசையில் நடக்கிறது.

மூன்றாவது சட்டம் தனியுரிமை பற்றியது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 6ஆம் பிரிவில், சம்மதம் என்பது தன்னிச்சையானதாகவும், குறிப்பான நோக்கத்துக்கானதாகவும், நிபந்தனையற்றதாகவும், அந்த நோக்கத்துக்குத் தேவையான தரவோடு நிற்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தொலைவழி மருத்துவச் செயலி ஒன்று கைபேசியின் தொடர்புப் பட்டியலையும் கேட்டால், பயனர் சம்மதித்திருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையற்ற அந்தப் பட்டியலுக்குச் சம்மதம் செல்லாது என்று சட்டமே எடுத்துக்காட்டு தருகிறது. வாடகைத் தொகையைப் படிப்பதற்குக் கைபேசி எண் எந்த வகையில் தேவை என்ற கேள்வியை அதே அளவுகோலால் அளந்தால் விடை தெளிவு. இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைத் திரட்டுவோரின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

தங்க வயல் மக்களுக்கு இந்தச் சட்டத்தில் மற்றொரு வாய்ப்பும் இருக்கிறது. சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்கும் வசதியைத் தர வேண்டும் என்று அது கூறுவதால், கர்நாடகத்தில் வாழ்பவரும் அதைத் தமிழில் கேட்டுப் பெற முடியும்.

வெளிநாட்டில் நடந்தது

அமெரிக்காவில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அங்கே தரகர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பொதுப் பட்டியலை இணையத்தில் காட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில், பட்டியலின் குறிப்பிட்ட பகுதியை யாரும் பதியாமல் பார்க்கலாம். மற்றொன்றில், பார்ப்பவர் பதிந்து தரகருடன் வாடிக்கையாளர் உறவை ஏற்படுத்திக்கொண்ட பிறகு விரிவான விவரங்களைப் பார்க்கலாம். இரண்டாம் வகைத் தளங்களைத் தேசியத் தரகர் சங்கம் தன் விதிகளால் முடக்குகிறது என்று அந்நாட்டு அரசின் நீதித்துறை 2005இல் வழக்குத் தொடுத்தது; 2008இல் சமரசம் ஏற்பட்டது. அங்கே பதிவுக்குக் கைமாறாக வாடிக்கையாளருக்கு ஒரு தரகரின் பொறுப்பும் கூடுதல் விவரமும் கிடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல் வந்த ஜில்லோ, வீட்டின் உத்தேச மதிப்பையே பதிவு கேட்காமல் காட்டி, அதை வைத்தே பெரும் நிறுவனமாக வளர்ந்தது. கதவைத் திறந்து வைத்தால் வணிகம் நடக்காது என்ற அச்சம் அதனால் மெய்ப்படவில்லை.

பெயர் முன்னே போனால்

எல்லாவற்றையும் விடக் கனமான காரணம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஒரு பெயர் வெறும் பெயராக இருப்பதில்லை. அது மதத்தையும் மொழியையும் பல வேளைகளில் சாதியையும் சொல்லிவிடுகிறது. சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லித் தலைநகர்ப் பகுதியின் வாடகை வீட்டுச் சந்தையை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரை, தலித்துகளும் முஸ்லிம்களும் வீடு கேட்கும்போது மறுப்பையும் கூடுதல் நிபந்தனைகளையும் சந்திப்பதைப் பதிவு செய்தது. ஒடுக்கப்பட்டவர்களின் உழைப்பால் எழுந்த ஊரிலிருந்து பெருநகரத்தில் வீடு தேடுபவருக்கு, 'காலியாக இருக்கிறது' என்ற விளம்பரத்தைத் தம் பெயர் தெரிவதற்கு முன் பார்த்துவிடுவது ஒரு சிறு பாதுகாப்பு. வீடு காலியாக இருந்ததை அவர் கண்ணால் பார்த்திருப்பதால், 'இப்போதுதான் போய்விட்டது' என்ற பதில் வரும்போது அது மெய்யா என்று அவரால் கேட்க முடியும். பெயர் முன்னே போய் விளம்பரம் பின்னே வந்தால், அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

முடிவாக

வாடகை அல்லது விலை, பரப்பளவு, தெரு, படங்கள், கன்வர்ஷன், காத்தா நிலை, ரேரா பதிவு எண் ஆகியவை யாரும் பதியாமல் பார்க்கும்படி இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் எண்ணும் கதவு எண்ணும் பதிவுக்குப் பின் தரப்படலாம். அந்தப் பதிவும் கேட்கப்பட்ட ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதாக, பிறருக்குக் கைமாற்றப்படாததாக, திரும்பப் பெற எளிதானதாக இருக்க வேண்டும். இதுவே நியாயமான எல்லை.

அந்த எல்லை வரும்வரை தேடுபவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பார்ப்பதற்கே எண் கேட்கும் தளத்தை விட்டு, கேட்காத தளத்துக்குப் போகலாம். டிக் செய்யப்பட்ட சம்மதக் கட்டத்தை எண் கொடுப்பதற்கு முன் நீக்கிவிடலாம். 1909இல் ரியல் எஸ்டேட் அழைப்புகளுக்குத் தடை பதியலாம். ரேரா வரம்புக்குள் வரும் மனையானால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கர்நாடக ரேரா ஆணையத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. பதிய வேண்டியவர் விற்பவர். பார்ப்பவருக்குப் பார்க்கும் உரிமை போதும்.